ஆறு சந்திப்புகளில் என்ன ஆகும்? லண்டனில் மகளோடு கற்றுக்கொண்டவை

இங்கிலாந்தில் ஒரு பதின்ம வயதுப் பிள்ளை மனம் தளர்ந்துபோனால், அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் முதலில் தருவது பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வரையான குறுகிய சந்திப்புகள்தான். எங்கள் ஆட்கள் பலர் இதைக் கேட்டதும் சோர்ந்துவிடுகிறார்கள். "ஆறு தரம் கதைச்சு என்னத்தைக் காணப்போறம், பெரிய டொக்டரிட்டக் காட்டினால்தான் சரிவரும்" என்று சொல்லி, கிடைத்த இடத்தை வேண்டாம் என்றுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். காத்திருந்த காலத்தில் அந்தப் பிள்ளைகளின் நிலைமை இன்னும் இறுகிப்போனது. என் மகள் பதினைந்து வயதில் அந்தக் குறுகிய சிகிச்சையை எடுத்தாள். அதைப் பற்றி எழுதச் சம்மதித்தாள், வாசித்தும் பார்த்தாள், சில இடங்களை வெட்டச் சொன்னாள். மிச்சம் இருப்பது இது.

அவள் அப்போது இயர் டென். காலையில் எழும்பினால் வயிற்றுவலி. ஜிபி, அதாவது எங்கள் குடும்ப வைத்தியர், இரத்தம் சோதித்தார், இரும்புச்சத்து, தைரொயிட் எல்லாம் சரியாக இருந்தன. நெட்போல் விளையாடப் போவதை நிறுத்தினாள். பிறகு வாரத்தில் ஓரிரு நாள் பள்ளிக்கூடமே நின்றது. இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை தூக்கமில்லை. ஆனால் அழுததே இல்லை, அதனால்தான் வீட்டில் ஒருவருக்கும் இது மனச்சோர்வாக இருக்கலாம் என்று தோன்றவில்லை. எல்லாவற்றுக்கும் எரிந்து விழுந்தாள். தம்பி கதவைத் தட்டினாலே சண்டை. வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு துக்கமாக வெளிப்படாமல் எரிச்சலாக வெளிப்படுவது சாதாரணம் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். இதை மட்டும் எல்லாப் பெற்றோரும் தெரிந்துவைத்திருந்தால் எத்தனையோ பிள்ளைகளுக்கு முன்கூட்டியே உதவி கிடைக்கும்.

ஜிபி காம்ஸுக்கு, அதாவது சிறுவர்களுக்கும் இளையோருக்குமான என்எச்எஸ் மனநல சேவைக்கு, எழுதினார். சில வாரங்களில் பதில் வந்தது: எங்கள் அளவுகோலை எட்டவில்லை, இந்த இணையத்தளங்களைப் பாருங்கள். அந்தக் கடிதத்தைப் பார்த்து எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆனால் அதை அமைதியாகத் திரும்ப வாசித்தால், பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. காம்ஸ் என்பது தீவிரமான நிலைக்கான சிறப்புச் சேவை. இலேசானது முதல் மிதமானது வரையான மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் (பதற்றம், anxiety) வாசல் வேறு. அந்த வாசல் எது என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்களுக்கு அது பள்ளிக்கூடத்தில் இருந்தது. 2017இல் அரசு வெளியிட்ட ஒரு திட்ட அறிக்கையின்படி, பள்ளிகளுக்குள்ளேயே இயங்கும் மனநல ஆதரவுக் குழுக்களை உருவாக்கத் தொடங்கினார்கள். இன்னும் எல்லாப் பள்ளிகளுக்கும் போய்ச் சேரவில்லை, ஆகவே உங்கள் பிள்ளையின் பள்ளியில் இருக்கிறதா என்று நீங்களாகவே கேட்க வேண்டும். வகுப்பாசிரியருக்குத் தெரியாமல் இருக்கலாம். மாணவர் நலனுக்குப் பொறுப்பான ஆசிரியரைக் கேளுங்கள். பள்ளியில் இல்லையென்றால் சிறுவர் நலப் பயிற்சியாளர்கள் என்று ஒரு பிரிவினர் உங்கள் பகுதியில் இருக்கிறார்களா என்று ஜிபியிடம் கேளுங்கள். அவர்களும் இதே வகைக் குறுகிய சிகிச்சையைத்தான் தருகிறார்கள். சில இடங்களில் பெற்றோரோ பிள்ளையோ நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். பதினெட்டு தாண்டினால் பெரியவர்களுக்கான பேச்சுச் சிகிச்சையான டோக்கிங் தெரப்பீஸ் சேவைக்கு ஜிபி இல்லாமலே இணையத்தில் பதியலாம், சில பகுதிகளில் பதினாறிலிருந்தே ஏற்றுக்கொள்வார்கள்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுகிறோம் என்பதிலும் நிறைய இருக்கிறது. "மகள் கவலையாக இருக்கிறாள்" என்று எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எப்போதிலிருந்து, வாரத்தில் எத்தனை நாள் பள்ளி தவறுகிறது, எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், முன்பு செய்து இப்போது விட்டுவிட்டவை எவை, சாப்பாடு எப்படி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டதுண்டா. இரண்டாம் முறை நானும் ஆசிரியரும் சேர்ந்து இப்படித்தான் எழுதினோம். எங்கள் பழக்கத்தில் வெளியாட்களுக்கு எழுதும்போது குறைத்துச் சொல்வோம். இங்கே குறைத்துச் சொன்னால் உதவியும் குறைந்துவிடும்.

காத்திருந்த நாட்களில் எனக்குத் தைரியம் தந்தது ஓர் ஆய்வு. 2017இல் முடிவுகள் வெளியான இம்பாக்ட் ஆய்வு. இங்கிலாந்தின் என்எச்எஸ் சிகிச்சை நிலையங்களில் மனச்சோர்வோடு இருந்த 11 முதல் 17 வயதுவரையான 465 பிள்ளைகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உளப்பகுப்பாய்வு வழியில் 28 சந்திப்புகள், ஒரு பிரிவுக்கு சிபிடி எனப்படும் சிந்தனை-நடத்தைச் சிகிச்சை 20 சந்திப்புகள், மூன்றாவது பிரிவுக்குக் குறுகிய உளசமூக உதவியாக 12 சந்திப்புகள். பெரிய பெயருள்ள நீண்ட சிகிச்சைகள் குறுகியதைவிட மேலானவை என்று காட்ட முடியவில்லை. மூன்று பிரிவிலும் பிள்ளைகள் தேறினார்கள். இன்னொன்றையும் கவனித்தேன்: திட்டமிட்ட அத்தனை சந்திப்புக்கும் பெரும்பாலான பிள்ளைகள் வரவில்லை, குறுகிய பிரிவில் பாதிப் பேர் ஆறு சந்திப்புகளுக்கோ அதற்கும் குறைவாகவோதான் போயிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் நிலைமை என் மகளுடையதைவிடக் கடுமையானது. அவர்களுக்கே அப்படியென்றால், எங்களுக்குக் கிடைத்ததை அற்பமாக நினைக்க ஒரு காரணமும் இல்லை என்று எனக்குப் பட்டது.

முதல் நாள் போகும்போது மகள் காருக்குள் வைத்துச் சொன்னாள்: "அம்மா, நான் கதைக்கிறன். ஆனா நீங்கள் உள்ளுக்கு இருக்கக்கூடாது."

"சரி, நான் வெளியில இருக்கிறன். கூப்பிட்டால் வாறன்" என்றேன். பாதி நேரம் இருவரும் சேர்ந்து, பாதி நேரம் அவள் தனியாக என்று அங்கேயும் அப்படித்தான் பிரித்தார்கள்.

எங்களைப் பார்த்தவர் ஓர் இளம் பெண். வைத்தியர் அல்ல, இந்தக் குறிப்பிட்ட சிகிச்சைக்கென்றே ஒரு வருடம் பயிற்சி பெற்றவர், மேலே அனுபவமுள்ள ஒருவர் வாராவாரம் மேற்பார்வை செய்கிறார். இளம் வயதைப் பார்த்து என் கணவருக்கு நம்பிக்கை வரவில்லை. மகளுக்கோ அதுதான் வாயைத் திறக்க வைத்தது. இரகசியம் காப்பது பற்றி முதலிலேயே பேசினார். நீ சொல்வது அம்மாவுக்குப் போகாது, உன் உயிருக்கோ வேறு யாருக்குமோ ஆபத்து என்று நினைத்தால் மட்டும் சொல்லவேண்டி வரும், அப்போதும் உனக்குச் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன் என்றார். பிறகு, சாகவேண்டும் என்று யோசித்ததுண்டா என்று நேரடியாகவே கேட்டார். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வராது, மாறாக, இருப்பதைச் சொல்ல வழி கிடைக்கும் என்று பிறகு எனக்கு விளக்கினார். இன்று என் சிநேகிதிகளுக்கும் இதையே சொல்கிறேன்: கேளுங்கள், அதே சொற்களில் கேளுங்கள்.

மனச்சோர்வையும் பதகளிப்பையும் அளவிடும், 47 கேள்விகள் உள்ள ஆர்கேட்ஸ் என்ற படிவத்தை அவள் நிரப்பினாள், பெற்றோருக்கான பிரதியை நான் நிரப்பினேன். அதைவிட முக்கியம் இலக்கு எழுதுவது. அதிகபட்சம் மூன்று இலக்குகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை, இன்று எங்கே நிற்கிறேன் என்று ஒரு புள்ளி. என்னைக் கேட்டிருந்தால் "ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகவேண்டும்" என்று எழுதியிருப்பேன். அவள் எழுதியது: மதிய இடைவேளையில் கழிவறைக்குள் ஒளிந்திருக்காமல் இருக்கவேண்டும். அதற்கு அவள் போட்ட புள்ளி 1. அவள் மதிய நேரங்களை அங்கேதான் கழிக்கிறாள் என்பது அந்தத் தாளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியவந்தது.

ஆறு சந்திப்புக்குள் எல்லாவற்றையும் தொட முடியாது. தூக்கம், தம்பியோடு சண்டை, கணிதம், போன் என்று நான் ஒரு நீண்ட பட்டியலோடு இருந்தேன். ஒன்றைத்தான் எடுப்போம், அதுவும் அவள் தெரிவுசெய்ததை என்றார்கள். இந்தச் சிகிச்சை வேலை செய்வதே இதனால்தான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். உங்கள் பிள்ளைக்கு இடம் கிடைத்தால், முதல் சந்திப்புக்கு முன் "எது ஒன்று மாறினால் உனக்கு ஒரு நாள் இலேசாகும்?" என்று மட்டும் கேட்டு வையுங்கள். பதிலை நீங்கள் திருத்தாதீர்கள்.

எடுத்துக்கொண்ட முறை நடத்தையைத் தூண்டும் சிகிச்சையின் குறுகிய வடிவம். ரெடிங் பல்கலைக்கழகத்தில் வளரிளம் பருவத்தினருக்கென உருவாக்கியது. இதன் யோசனை எளிது. மனம் சோர்ந்தால் பிள்ளை காரியங்களை விடுகிறது. காரியங்களை விட்டால் சந்தோஷமோ, சாதித்த உணர்வோ, மனிதரின் நெருக்கமோ கிடைப்பதில்லை. கிடைக்காததால் சோர்வு கூடுகிறது, இன்னும் விடுகிறது. உற்சாகம் வந்த பிறகு செய்வோம் என்று காத்திருக்காமல், சிறிதாகச் செய்ய ஆரம்பித்தால் உற்சாகம் பின்னால் வரும். "மனதைத் திடப்படுத்து" என்று நாங்கள் சொல்வதற்கு இது நேர் எதிர். மனதை அப்படியே விட்டுவிட்டு, கால் எங்கே போகிறது என்பதை மாற்றுகிறார்கள்.

முதல் வீட்டுவேலை ஒரு நாட்குறிப்புத் தாள். ஏழு நாட்கள் குறுக்கே, மணித்தியாலங்கள் கீழே. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்தாள், அதில் சாதித்த உணர்வு எவ்வளவு, யாரோடாவது நெருக்கம் எவ்வளவு, இன்பம் எவ்வளவு என்று மூன்று இலக்கங்கள். முதல் வாரத் தாளை அவளாகவே என்னிடம் காட்டினாள். மாலை ஆறு தொடக்கம் நள்ளிரவு வரை வரிசையாகப் "போன், போன், போன்", எல்லாவற்றிலும் இன்பம் இரண்டு, மூன்று. போன் அவளுக்குச் சந்தோஷம் தருகிறது என்று நான் நினைத்துச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். அது அவளுக்கு ஒன்றுமே தரவில்லை என்பதை அவளே எழுதியிருந்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வகுப்புக்கு இன்பம் ஒன்று. அது முடிந்து சிநேகிதியோடு பஸ் தரிப்பு வரை நடந்துவருவதற்கு நெருக்கம் ஏழு. ஞாயிறு அம்மம்மாவோடு பிட்டுக்கு மாக் குழைத்ததற்கு நெருக்கம் எட்டு, சாதித்த உணர்வு ஐந்து.

அடுத்த சந்திப்பில் தனக்கு முக்கியமானவை எவை என்று மூன்று தலைப்பில் எழுதினாள்: நான், எனக்கு முக்கியமான விஷயங்கள், எனக்கு முக்கியமான மனிதர்கள். பிறகு அதையும் நாட்குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். முக்கியம் என்று எழுதியவற்றுக்கு வாரத்தில் அரை மணித்தியாலம்கூடப் போகவில்லை. அங்கிருந்துதான் படிகள் தொடங்கின. செவ்வாய் மதியம் பத்து நிமிடம் நூலகத்தில், அந்தச் சிநேகிதியோடு. அவ்வளவுதான். நெட்போல் இல்லை, உணவுக்கூடம் இல்லை. ஒரு செவ்வாய் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவர் கேட்கவில்லை, குறுக்கே வந்தது என்ன என்று கேட்டார். சிநேகிதி அன்று பள்ளிக்கு வரவில்லையாம். அதற்கு ஒரு மாற்று வழி எழுதினார்கள். நானாக இருந்தால் ஏசியிருப்பேன் என்பதை நினைத்துப் பார்த்தேன்.

சந்திப்பு ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. வாரத்தின் மிச்ச நேரம் வீட்டில் கழிகிறது, அங்கேதான் பெற்றோரின் வேலை இருக்கிறது. திரும்பி வரும்போது காருக்குள் "என்ன கேட்டவா, நீ என்ன சொன்னனீ" என்று விசாரிக்கக்கூடாது. நாங்கள் வழியில் சிப்ஸ் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு வருவோம், கதைத்தால் கதைப்பாள். செய்த சிறு காரியத்தைக் கண்டு ஒரு வார்த்தை சொல்லவேண்டும், ஆனால் "பார்த்தியா, ஏலுந்தானே" என்று தொடரக்கூடாது. ஞாயிறு மாலை அம்மம்மாவோடு சமைக்கும் நேரத்தில் ரியூசன் வைத்திருந்தோம், அதை நிறுத்தினோம். இதற்கு வீட்டில் பெரிய வாக்குவாதம்.

என் கணவர் அவளிடம் சொன்னார்: "நாங்கள் பங்கருக்குள்ள இருந்து, குப்பிவிளக்கில படிச்சனாங்கள். உனக்கு இங்க என்ன குறை?" அவர் சொன்னது பொய்யில்லை. போர்க்காலத்துப் பதுங்குகுழியான அந்தப் பங்கரை அவர் இன்னும் கனவில் காண்கிறார். அதனாலேயே அவருடைய வேதனையை மதிக்கிறேன். ஆனால் ஒருவர் பட்ட துன்பத்தைக் காட்டி இன்னொருவரின் துன்பத்தைக் குறைக்க முடியாது, பிள்ளை தன் வலிக்காக வெட்கப்படத்தான் தொடங்கும். ஒரு சந்திப்பின் கடைசிப் பத்து நிமிடத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். மகள் தன் நாட்குறிப்பைத் தானே விளக்கினாள். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மதியம் அவளுக்கு ஒரு வாழ்த்துப் படம் வட்ஸ்அப்பில் அனுப்புவார்.

ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோருக்கு: மொழிபெயர்ப்பாளரை என்எச்எஸ் இலவசமாக ஏற்பாடு செய்யவேண்டும். விண்ணப்பிக்கும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை" என்று எழுதச் சொல்லுங்கள். பிள்ளையையோ அதன் அக்காவையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள், தன் நோயைத் தானே வெட்டி ஒட்டித் தாய்க்குச் சொல்லவேண்டிய நிலைக்கு ஒரு பிள்ளையைத் தள்ளக்கூடாது. மொழிபெயர்ப்பாளர் ஊர்க்காரராக இருப்பாரோ என்ற பயம் பலருக்கு உண்டு, நியாயமான பயம். தொலைபேசி வழியாக வேறு இடத்திலிருந்து ஒருவரைக் கேட்கலாம்.

சிறிய பிள்ளைகளின் பதகளிப்புக்கு இன்னொரு குறுகிய வழியும் இருக்கிறது. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு, பெற்றோருக்கே முறையைக் கற்றுக்கொடுத்து வீட்டில் செய்ய வைப்பார்கள், பிள்ளை சிகிச்சை அறைக்குப் போகத் தேவையில்லை. இது நன்றாகப் பலன் தருவதாக ஒக்ஸ்ஃபோர்ட்ஷயரில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. இரவில் தனியாகப் படுக்கப் பயப்படும் தன் மகனுக்காக என் தங்கை இதைத்தான் எடுத்தாள்.

எல்லாவற்றுக்கும் இது போதாது என்பதையும் சொல்லவேண்டும். சாப்பாட்டை வெறுத்து உடல் மெலிந்து போகும் பிள்ளைக்கு இது இடமல்ல. உணவுக் கோளாறுகளுக்குத் தனிச் சேவை இருக்கிறது, அவசரமென்றால் ஒரு வாரத்துக்குள்ளும் மற்றபடி நான்கு வாரத்துக்குள்ளும் சிகிச்சை தொடங்கவேண்டும் என்பது அதற்கான இலக்கு. போரிலோ வீட்டிலோ பட்ட கொடுமையின் காயம், குரல்கள் கேட்பது, அடிக்கடி தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, இவற்றுக்கெல்லாம் காம்ஸ்தான். மிதமானது முதல் கடுமையானது வரையான மனச்சோர்வுக்கு, பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதினருக்குக் குறைந்தது மூன்று மாதத் தனிநபர் சிபிடி கொடுக்கவேண்டும் என்று சிகிச்சை வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் அமைப்பின் 2019 வழிகாட்டல் சொல்கிறது. ஆறு சந்திப்பு முடிந்தும் பிள்ளை தேறவில்லையென்றால் இந்த வழிகாட்டலைச் சொல்லிக் கேளுங்கள். உயிராபத்து இருந்தால் எந்த வரிசையிலும் காத்திருக்க வேண்டாம்: 999, அல்லது நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. மனநெருக்கடிக்கு 111ஐ அழைத்து இரண்டாம் தெரிவை அழுத்தினால் இரவு பகலாக ஆள் இருப்பார்கள். கதைக்க விரும்பாத பிள்ளைகள் 85258 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம்.

போகமுடியாத நாளில் முன்கூட்டியே அறிவியுங்கள். சொல்லாமல் ஓரிரு தடவை போகாவிட்டால் பல சேவைகள் கோப்பை மூடிவிடும், பிறகு வரிசையின் கடைசியிலிருந்து தொடங்கவேண்டும். பரீட்சை நாட்களைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் மாற்றித் தருவார்கள்.

கடைசிச் சந்திப்பில் இலக்குத் தாளைத் திரும்ப எடுத்தார்கள். மதிய இடைவேளைக்கு அவள் போட்ட புள்ளி 6. உணவுக்கூடத்துக்குள் இப்போதும் அவள் போவதில்லை. நூலகமும், அதன் வெளியே உட்காரும் வாங்கும்தான். தூக்கம் கொஞ்சம் முன்னேறியது, முழுதாக அல்ல. ஆட்கள் கூடும் இடத்தில் வரும் பதகளிப்பு தனிப் பிரச்சினை, அதற்கு வேறு வேலை வேண்டும் என்று நாங்கள் மூவரும் ஒத்துக்கொண்டோம். அதற்கான குழுச் சிகிச்சைக்கு அவள் பெயரைக் கொடுத்துவிட்டு, மீண்டும் சோர்வு வந்தால் எப்படித் தெரியும், முதலில் என்ன செய்வேன், யாருக்குச் சொல்வேன் என்று ஒரு தாள் எழுதினாள். அதில் முதல் அறிகுறியாக அவள் எழுதியிருப்பது, "சிநேகிதியின் மெசேஜுக்குப் பதில் போடாமல் விடுவேன்."

முடிவுக் கடிதத்தின் பிரதி ஜிபிக்கும் பள்ளிக்கும் போயிற்றா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், உங்களுக்கும் ஒன்று வாங்கி வையுங்கள். என்ன செய்தோம், எது பலித்தது, எது மிச்சம் என்று அதில் இருக்கும். எங்கள் கடிதத்தில், ஆறு மாதத்துக்குள் மீண்டும் தேவைப்பட்டால் புதிய ரெஃபரல் இல்லாமல் நேரடியாக அழைக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறது. எல்லாச் சேவையும் அப்படி எழுதித் தராது, ஆனால் கேட்கலாம். அடுத்த மே மாதம் அவளுக்கு ஜிசிஎஸ்இ பொதுப் பரீட்சை. அந்த வரியை எழுதித் தரும்படி கேட்டது நானல்ல, அவள்தான்.